நுனியிலிருந்து பின்னிய சடை

அந்தக் காலத்தில், உடம்புக்குள்ளே இருக்கிறதெல்லாம் நம்மைப் போலவே வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், மனிதர்கள் மூச்சை மிச்சம் பிடித்துத்தான் விட்டார்கள். காலையில் எழுந்ததும் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. பாட்டு என்பதே கிடையாது. சண்டை வந்தாலும் கையை ஆட்டி ஆட்டித்தான் போட்டுக்கொள்வார்கள். யாராவது நாலு வார்த்தை சேர்த்துப் பேசிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் பயந்துபோய் அவர் வாயைப் பொத்துவார்.

ஏனென்றால் ஒரு மூச்சு விடுவது அப்போது லேசான காரியமாக இல்லை.

நம் உடம்பு ஆண்டவன் கட்டின பெரிய ஊர். அதில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணெயால் ஆன மெல்லிய சுவர். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர்; நடுவில் எண்ணெய்ச் சுவர் இருப்பதால்தான் வீட்டுச் சாமான் வீட்டில் தங்குகிறது. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே குடை விரித்த மாதிரி ஒரு தசை இருக்கிறது. அது இழுத்தால்தான் காற்று உள்ளே வரும். "இழு" என்று அதற்குச் சொல்கிற வேலை எதிர்வீட்டுக்கு. அந்த எதிர்வீட்டில் சேதித் துளிகளைச் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில் நிரப்பி வைத்திருப்பார்கள். தலையிலிருந்து உத்தரவு வந்ததும் ஒரு பை ஓடிப்போய்ச் சுவரில் முட்டும். சுவர் கிழியும். துளிகள் இடையில் இருக்கும் சின்னச் சந்து ஒன்றைத் தாண்டிப்போய்த் தசையின் மேல் விழும். தசை இழுக்கும். அதுதான் ஒரு மூச்சு.

ஆனால் கிழிந்த இடத்தின் வழியே வீட்டில் இருந்த மற்றதும் ஓடிவிடும். ஒட்டுப்போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பெரியவர்களுக்கு எப்படியோ தாங்கியது. பிறந்த பிள்ளைக்கோ அந்தச் சுவர் வெங்காயச் சருகு மாதிரி. பெரும்பாலும் முதல் முட்டிலேயே வீடு காலியாகிவிடும். அதனால் எத்தனையோ பிள்ளைகள் அழாமலே போயின. துணியில் சுற்றிக் கொடுத்ததை மடியில் வாங்கிக்கொண்டு, இப்போது அழுமா, இப்போது அழுமா என்று தாய்மார்கள் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் சௌந்தரி. அவள் மறுபடியும் நிறைமாதமாக இருந்தாள். அவள் வயிற்றில் இருந்த பிள்ளையின் உடம்பில், மூச்சுத் தசைக்கு எதிர்வீட்டில் நடந்ததுதான் இந்தக் கதை.

அந்த வீட்டுச் சுவரில் இரண்டு பெண்கள் காவல் இருந்தார்கள். ஒருத்தி தையல்நாயகி. அவள் கால்கள் சுவருக்குள் ஊன்றியிருக்கும். தலை வீட்டின் உள்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒற்றைச் சடை. மற்றவள் குஞ்சம்மாள். அவள் நிற்பவள் இல்லை. முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுத்தபடியே இருப்பாள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சடையைத் தொங்கவிட்டுக்கொண்டு. அந்த இரட்டைச் சடையின் மேல் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

பிள்ளை பிறக்கிற பொழுது நெருங்கியது. உள்ளேயிருந்து சேதிப் பைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. முதல் பையின் மேல் கால் ஊன்றி நின்றவள் வேம்பு. வயது கம்மி. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, நான்தான் முதல்ல முட்டணுமாம்" என்றாள் வேம்பு.

"யாரு சொன்னா?" என்றாள் தையல்நாயகி.

"வரிசை அப்படி வந்துடுச்சு. சன்னல் திறந்து சுண்ணாம்புத் தூள் வீசினா உத்தரவு வந்துட்டதுன்னு அர்த்தமாம். உடனே ஓடிப்போய் மோதணுமாம்."

தையல்நாயகி தன் காலடியில் இருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரல் பட்டாலே நடுங்கியது.

"நீ மோதினா இது நிக்காதுடி. நீயும் போயிடுவே, நாங்களும் போயிடுவோம், பிள்ளையும் போயிடும். மெதுவா வந்து ஒட்டிக்கிட்டா என்ன? உன் பையும் எண்ணெய், எங்க சுவரும் எண்ணெய். எண்ணெயும் எண்ணெயும் சேராதா என்ன?"

வேம்பு மெதுவாக வந்து பார்த்தாள். ஒரு நூல் இடைவெளி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் பை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் படிந்திருந்த தண்ணீர் பையைத் திருப்பித் தள்ளியது. மறுபடி வந்தாள். மறுபடியும் தள்ளியது.

"வாசல்லயே நிக்குறாளே, உள்ள வரச் சொல்லு" என்று படுத்தபடியே சிரித்தாள் குஞ்சம்மாள்.

"சிரிக்காதேடி. இங்க உயிர் போற காரியம்."

"நான் என்ன பண்றது? எழுந்து ஆரத்தி எடுக்கட்டுமா?"

தையல்நாயகி அவளோடு வாயாடவில்லை. தன் சடையை எடுத்து வேம்பின் பக்கம் வீசினாள். வேம்பும் தன் சடையை வீசினாள். நுனியும் நுனியும் எட்டின. இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்கள். ஆனால் முடிச்சுப் போட்டதால் பை நகர்ந்து வந்துவிடவில்லை. சடையின் நீளத்துக்குத் தள்ளியே நின்று அசைந்தது.

"நல்லா இருக்கு, தூளி கட்டியாச்சு. பிள்ளையைத் தூக்கிப் போட்டு ஆட்டுங்க" என்றாள் குஞ்சம்மாள்.

முடிச்சை அவிழ்த்துவிட்டு, ஒழுங்காகப் பின்னியே பார்க்கலாம் என்றாள் தையல்நாயகி. பெண்கள் எல்லோரும் பின்னுகிற மாதிரி பிடரியிலிருந்து ஆரம்பித்தாள். அவள் பின்னினாள், வேம்பும் அந்தப் பக்கம் பின்னினாள். நுனிக்கு வந்தபோது அவளவள் சடை அவளவளிடமே இருந்தது. இரண்டும் இறுகிக் குட்டையாகி, எட்டிக்கொண்டிருந்த நுனிகூட இப்போது எட்டவில்லை.

குஞ்சம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏன் அக்கா, கல்யாணத்துக்கா கிளம்பறீங்க ரெண்டு பேரும்?"

அப்போது வெளியே எங்கிருந்தோ, தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி மங்கலாக ஒரு குரல் வந்தது. சௌந்தரியின் குரல். வலி எடுத்துவிட்டது. மூச்சை மிச்சம் பிடிக்கிற காலத்தில் அவள் தன் கையிருப்பை எல்லாம் செலவழித்துச் சாமியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"தாயே, போன தடவை கேட்டதை எல்லாம் விட்டுட்டேன். அழகு வேணாம், நிறம் வேணாம், பிள்ளையா பொண்ணான்னும் கேக்கலை. இதையாவது அழ வைச்சுடு. ஒரே ஒரு தடவை அழுதாப் போதும்."

குஞ்சம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். படுத்தபடியே அந்த இரண்டு பேரின் சடை நுனிகளையும் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் பிறகு. "பிடரியிலேருந்து பின்னினா சடைதான் வரும். நமக்குச் சடையா வேணும்? தலைதான் கிட்ட வரணும். நுனியும் நுனியும் எட்டுதுல்ல? அங்கேருந்து ஆரம்பி. மேல மேல பின்னிக்கிட்டே வா. பின்ன பின்ன மிச்ச முடி குறையும். முடி குறைஞ்சா தலை வந்துதானே ஆகணும்?"

"நுனியிலேருந்து யாருடி சடை பின்னுவா?"

"யாரும் பின்னினதில்ல. அதனாலதான் இத்தனை பிள்ளைங்க அழலை."

தையல்நாயகி வேம்பின் சடையை நுனியில் பிடித்தாள். தன் சடையை அதோடு முறுக்கினாள். ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு போனது. கையை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிட்டது. இரண்டு பிரி மட்டும், அதாவது இரண்டு கால் மட்டும் வைத்துப் பின்னினால் அது கயிறு மாதிரி பிரியத்தான் செய்யும். பின்னல் நிற்க வேண்டுமானால் கூடக் கால் வேண்டும். தையல்நாயகி திரும்பிக் குஞ்சம்மாளைப் பார்த்தாள். வாய் விட்டுக் கேட்கவில்லை. அந்தச் சடைகளை அவள் யாரையும் தொடவிட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"பார்த்துக்கிட்டே இருந்தா?" என்றாள் குஞ்சம்மாள். "இந்தா, ரெண்டையும் எடுத்துக்கோ. நாலு கால் பின்னல் போடு. கலைஞ்சாலும் பரவாயில்ல."

நாலு சடையையும் நுனியில் சேர்த்துப் பிடித்துத் தையல்நாயகி பின்ன ஆரம்பித்தாள். இந்தத் தடவை வழுக்கவில்லை. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு போய் உட்கார்ந்துகொண்டது, அளவெடுத்துச் செய்த மாதிரி. ஒவ்வொரு மடிப்புக்கும் வேம்பின் தலை கொஞ்சம் கிட்டே வந்தது. தலையோடு சேர்ந்து காலும் வந்தது, காலோடு சேர்ந்து பையும் வந்தது.

பாதிப் பின்னலில் தையல்நாயகி கையை நிறுத்தினாள்.

"ஏன் அக்கா நிறுத்திட்டே?" என்றாள் வேம்பு.

"பிள்ளை இன்னும் தண்ணிக்குள்ள இருக்குடி. இப்பவே இழுத்தா காத்தா வரும்? தண்ணிதான் வரும். சுண்ணாம்பு வரட்டும்."

"கையை விட்டா அதுவா முறுக்கிக்கும் போலிருக்கே" என்றாள் குஞ்சம்மாள். நாலு சடையும் ஒன்றையொன்று விழுங்கப் பார்ப்பதுபோல இறுகத் துடித்தன. அவள் தன் விரலைப் பின்னலுக்குள் விட்டு அடைத்துக்கொண்டாள். "வரட்டும். நான் பிடிச்சுக்கிறேன். ஐயோ, விரல் நசுங்குதே! சௌந்தரி, உனக்குக் கோடிப் புண்ணியம், சீக்கிரம் பெத்துப் போடும்மா!"

வெளியே மருத்துவச்சி கத்துவது கேட்டது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், தலை தெரியுது! விட்டுடாதே!" பிறகு வீடே ஒரு பக்கம் சாய்ந்தது. நெருக்கியது. திடீரென்று எல்லாம் தளர்ந்து குளிர்ந்தது.

சன்னல் திறந்துகொண்டது. சுண்ணாம்புத் தூள் குப்பென்று உள்ளே வீசியது.

குஞ்சம்மாள் விரலை எடுத்தாள். மீதிப் பின்னலைத் தையல்நாயகி போட வேண்டியிருக்கவே இல்லை. நாலு சடையும் தானாகச் சரசரவென்று பிடரி வரைக்கும் முறுக்கிக்கொண்டன. வேம்பின் நெற்றி தையல்நாயகியின் நெற்றியில் நங்கென்று இடித்தது. பைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த தண்ணீர் பிதுங்கி ஓடியது. அப்புறம் என்ன? ரசத்தின் மேல் மிதக்கிற இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் நகர்ந்து வந்து தொட்டுக்கொண்டதும் ஒன்றாகிவிடுமே, அப்படி. பையும் சுவரும் ஒன்றாயின. கிழியவில்லை. ஒரு சொட்டு வீணாகவில்லை. ஒட்டின இடத்தில் ஒரு வாசல் திறந்து, சேதித் துளிகள் மட்டும் வெளியே போயின.

தசை இழுத்தது. காற்று வந்தது. பிள்ளை வீலென்று அழுதது.

"அழுதுட்டான்! அழுதுட்டான்!" என்று வெளியே யாரோ கத்தினார்கள். மூச்சை யாரும் மிச்சம் பிடிக்கவில்லை.

உள்ளே மூன்று பேரும் ஒரே பின்னலில் மாட்டிக்கொண்டு சுவரில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. "நெத்தி வலிக்குது அக்கா" என்றாள் வேம்பு. "வலிக்கட்டும்டி" என்றாள் தையல்நாயகி.

குஞ்சம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. "அக்கா, அடுத்த மூச்சு?"

மூன்று பேரும் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த பை வந்து நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் இருந்தவள் சடையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஆனால் சுவரில் இருந்தவர்களிடம் நீட்டுவதற்குச் சடை இல்லை. எல்லாம் வேம்போடு பின்னிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. எந்தக் கயிறும் அப்படி இறுகியிருக்காது.

வெளியே அழுகை நின்றிருந்தது. "என்ன, சத்தத்தைக் காணோம்?" என்றது மருத்துவச்சியின் குரல்.

"கடிச்சு அறுத்துடட்டுமா?" என்றாள் குஞ்சம்மாள்.

"அறுக்காதே! அறுத்த சடை மறுபடி பின்ன எட்டாது. இந்த மூச்சோட அடுத்த மூச்சும் போயிடும். சிக்கெடுக்கறவளைக் கூப்பிடு."

சிக்கெடுக்கிறவள் பெருந்தேவி. அந்த வீட்டின் மூலையில் இருந்தாள். பெரிய உடம்பு, கையில் சிக்குக்கோல். அவளை யாரும் கூப்பிடுவதில்லை. காரணம், கூப்பிட்டால் சாப்பாடு போட வேண்டும். ஒரு வெல்ல உருண்டை வாயில் போட்டால்தான் அவள் கை எழும். அந்த வெல்லம் இருந்ததோ அடுப்படியில், கனகசபையின் காவலில். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை வளரும்போது தேவைப்படும் என்று ஒவ்வொரு உருண்டையாக உருட்டிப் பானையில் மூடி வைத்திருந்தார். தானும் தின்னமாட்டார்.

பெருந்தேவி வந்து பின்னலைப் புரட்டிப் பார்த்தாள். "நல்ல பின்னல்" என்றாள் மனசார. "யார் போட்டது? பிரிக்கலாம். உருண்டை எங்கே?"

"கனகசபை அண்ணா! வெல்லம் கொடுங்க!" என்று கூவினாள் தையல்நாயகி.

அடுப்படியிலிருந்து கனகசபை எட்டிப் பார்த்தார். "அவளுக்கா? அவ வாய்க்கு இந்தப் பானை எந்த மூலைக்கு? இது பிள்ளைக்குன்னு வைச்சிருக்கேன்."

"பிள்ளைக்குத்தான் கேக்கறோம்!"

"வளர்ற பிள்ளை. நாளைக்கு ஓடணும், ஆடணும்..."

"அண்ணா" என்றாள் தையல்நாயகி. கத்தவில்லை. "நாளைக்கு ஓடறவன் இப்ப மூச்சு விடலை. கேளுங்க, வெளிய சத்தம் வருதா?"

கனகசபை காது கொடுத்துக் கேட்டார். வெளியே ஒன்றும் இல்லை. பானையை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். வரும் வழியில் இரண்டு உருண்டை கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கக்கூட இல்லை.

பெருந்தேவி ஒரு உருண்டையை வாயில் போட்டாள். சிக்குக்கோலைப் பின்னலின் நடுவில் செருகினாள். ஒரு திருகு. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு உருண்டை. இன்னொரு திருகு. நெற்றியில் வியர்த்தது. "இறுக்கமாத்தான் போட்டிருக்கீங்கடி" என்றாள் வெல்லம் நிறைந்த வாயோடு. கனகசபை கேட்காமலே அடுத்ததை எடுத்து ஊட்டினார். மூன்றாம் திருகில் பின்னல் முழுவதும் ஒரே விசையாகப் பிரிந்து, நாலு சடையும் நாலு பக்கம் விழுந்தன. ஒரு முடிகூட அறவில்லை.

"போடி, உன் இடத்துக்கு" என்று பெருந்தேவி வேம்பைத் தட்டிவிட்டாள். வேம்பு தன் காலடியில் இருந்த சுவரை மொக்கு மாதிரி கிள்ளி எடுத்துப் புதுப் பையாக்கிக்கொண்டு, அடுத்த சுமைக்காக வீட்டுக்குள்ளே ஓடினாள். தையல்நாயகியும் குஞ்சம்மாளும் சடையை நீட்டினார்கள். காத்திருந்தவள் தன் நுனியைக் கொடுத்தாள். சன்னல் திறந்தது. சுண்ணாம்பு வீசியது. நெற்றி இடித்தது.

பிள்ளை அழுதது. இந்தத் தடவை நிறுத்தவில்லை. பின்னுவதும் பிரிப்பதுமாக வேலை கைக்குப் பிடிபட்டுவிட்டது. பெருந்தேவியின் வாய் ஓயவில்லை. பிள்ளையின் வாயும் ஓயவில்லை. வெளியே சௌந்தரி ஓவென்று சேர்ந்து அழுதாள். மருத்துவச்சி, "ஒரு தடவை அழுதாப் போதும்னியே, இப்ப நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். "வேணாம், வேணாம், அழட்டும்" என்றாள் சௌந்தரி.

கொஞ்சம் மூச்சு சீரானதும் கனகசபை பானைக்குள் எட்டிப் பார்த்தார். "அம்மா பெருந்தேவி, இது எதுவரைக்கும்?"

"எது?"

"இந்த உருண்டை கொடுக்கிறது."

"மூச்சு விடறவரைக்கும்."

"தூங்கும்போதுகூடவா?"

"தூங்கும்போது மூச்சு விடமாட்டானா?"

கனகசபை தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்படின்னா நான் அடுப்பை அணைக்கவே முடியாதே!"

"அணைக்காதீங்க" என்றார்கள் தையல்நாயகியும் குஞ்சம்மாளும் பெருந்தேவியும் ஒரே குரலில்.

அவர் பிறகு பானையைப் பெருந்தேவியின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, வாசல் பக்கம் போய், ஊருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். "வெல்லம் தீரப்போகுது! வெளியிலேருந்து ஏதாவது வந்தாகணும்! யாராவது அந்தப் பிள்ளையை வாயைத் திறந்து தேடச் சொல்லுங்க!"

சொல்லியனுப்பினதுதான் தாமதம். தாயின் மார்பில் கிடந்த பிள்ளை அழுகையை விட்டுவிட்டு, கண்ணைத் திறக்காமலே தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. உதட்டைக் குவித்தது. சௌந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அணைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் பிடித்து, பிறகு எல்லார் உடம்புக்கும் பரவிய வழக்கம்தான்: ஒரு வேலையும் செய்யாமல் சும்மா படுத்துக் கிடந்தாலும் நமக்கு இன்றுவரை பசிக்கிறது, பிறந்த பிள்ளையும் அழுது முடித்த கையோடு பாலைத் தேடுகிறது.